வெட்டுத் துணிக்கு முன்னால் நின்றுபோனவர்கள்: ஓர் ஊர்த் தையல் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூர். காலையில் பனியன் கம்பெனி வேன்கள் வந்து இளவயதுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். மீதி இருக்கும் பெண்களில் பெரும்பாலானோர் வீட்டில் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள். நூறு நாள் வேலை நடக்கும்போது அதற்குப் போவார்கள். மாலை பால் சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும்.

பனியன் தொழில் நடக்கும் வட்டாரத்தில் தையல் வகுப்பு எதற்கு என்று கேட்கலாம். கம்பெனியில் தைப்பவர் ஜாக்கெட் தைப்பவர் அல்ல. அங்கே ஒருவர் ஓவர்லாக் மெஷின் ஓட்டுவார், ஒருவர் பிளாட்லாக் மெஷின் ஓட்டுவார், டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பவர் கைமடி. வெட்டு வேறு இடத்தில் நடக்கும். பத்து வருடம் தோள் மட்டுமே மூட்டிய பெண்ணும் தன் ஜாக்கெட்டுக்கு வெளியே கூலி கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. 2023இல் இந்த ஊரில் சாதா ஜாக்கெட்டுக்கு 120 ரூபாயும், லைனிங் வைத்ததற்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேலும் வாங்கினார்கள்.

இலவசப் பயிற்சிக்கு வழியில்லாமல் இல்லை. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் சாப்பாடும் போட்டு ஒரு மாதம் தையல் சொல்லித்தருகிறார்கள். 1967இல் மும்பை வொர்லியில் தொழிலாளர் கல்விக்கென்று ஆரம்பித்து, இப்போது ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்று இயங்கும் அமைப்பும் உண்டு. அது பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்காரர்களுக்கானது. இரண்டுமே நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் சாயங்காலம் மாட்டுக்கு அடியில் உட்கார வேண்டியவர், காலையில் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பும் பயிற்சிக்குப் போக முடியாது. 45 தாண்டியவருக்கு அதுவும் இல்லை.

ஊரில் ஒரு சிறு வாசகர் குழு இருந்தது. வயது வித்தியாசம் பார்க்காமல் ஊரிலேயே தையல் சொல்லித்தரலாம் என்று அந்தக் குழு முடிவு செய்தது. வருகைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் நான் பார்த்துக்கொண்டேன். இந்தப் பதிவு அவற்றிலிருந்தும், நேரில் கண்டதிலிருந்தும் எழுதப்பட்டது. யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

தொடக்கம்: 2023 தை

பொங்கல் முடிந்த வாரம் 22 பேர் பெயர் கொடுத்தார்கள். இளையவருக்கு 19 வயது, மூத்தவருக்கு 57. ஐந்தாவதோடு நின்றவர்கள் பாதிக்கு மேல். ஒருவர் 90களின் அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவர். அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை.

கால் மிதி மெஷின் ஆறு கிடைத்தது. எல்லாம் பழையவை. பெல்ட் மாற்றி எண்ணெய் போட்ட பிறகு நான்கு ஒழுங்காக ஓடின, ஒன்று மனம் வைத்தால் ஓடியது, ஆறாவதை உதிரிக்கென்று ஒதுக்கிவிட்டோம். சொல்லித்தர டிப்ளமோ முடித்த இளம் ஆசிரியை ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வந்தார். அளவு, வரைவு, வெட்டு, தையல் என்று முறையாகத் தெரிந்தவர். பொறுமையும் இருந்தது.

நேரம் மாலை ஐந்தரை முதல் ஏழரை. கம்பெனிக்குப் போகும் பெண்களும் வரட்டும் என்பது எண்ணம்.

முதல் இரண்டு மாதங்கள்

மெஷின் பழகியதில் பெரிய சிக்கல் இல்லை. நூல் கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கடியில் வைத்து கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகினார்கள். முதல் வாரம் எல்லோருக்கும் சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. அப்புறம் கால் பழகிவிட்டது. பாபின் சுற்றுவது, பாபின் கேஸில் நூலை இழுவை பார்த்துப் போடுவது, ஊசியின் தட்டைப் பக்கம் மாறிவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும் என்பது, அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலைக் கோர்த்த விதத்தில்தான் என்பது எல்லாம் பிப்ரவரிக்குள் வந்துவிட்டன.

பழகுவதற்குக் கொடுத்த துணியில் ஒரு சங்கடம் நேர்ந்தது. பனியன் வேஸ்ட் இங்கே கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். அதைத்தான் வாங்கிப் போட்டிருந்தார்கள். பின்னல் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருண்டுகொள்ளும். கால் மெஷினில் நேராக அடித்தாலும் அலை அலையாக விழும். ஒருவருக்கும் தையல் நேராக வரவில்லை. அவர்கள் துணியைக் குறை சொல்லவில்லை, தங்கள் கையைத்தான் குறை சொன்னார்கள். வீட்டிலிருந்து பழைய வேட்டி, பருத்திச் சேலை கொண்டுவரச் சொன்ன நாளே தையல் நேரானது. மலிவு என்று பார்த்த சரக்கு கிட்டத்தட்ட ஒரு மாத ஊக்கத்தைத் தின்றிருந்தது.

இதற்கிடையில் பதிவேட்டில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. மாடு வைத்திருப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தார்கள், அதுவும் ஆறரைக்கு மேல். கம்பெனி வேன் ஒன்றரை ஷிப்ட் இருந்தால் எட்டரைக்குத்தான் திரும்பும். ஆக, யாருக்கு வசதி என்று நினைத்து வைத்தோமோ அவர்களுக்கும் அந்த நேரம் உதவவில்லை.

மார்ச்சில் வகுப்பை மதியம் ஒன்றரை முதல் மூன்றரைக்கு மாற்ற முடிவானது. மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருக்க மாட்டார்கள், பால் கறக்கவும் நேரம் இருக்கும். கம்பெனிக்குப் போன நான்கு பேரை இந்த முடிவால் இழப்போம் என்று தெரிந்தேதான் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை தனி வகுப்பு வைக்கலாமா என்று அவர்களிடமே கேட்டோம். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தானுங்க துணி துவைக்கறதும் சந்தைக்குப் போறதும்" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நேரம் மாறிய பிறகு மற்றவர்களின் வருகை வாரத்தில் நான்கு நாளாகக் கூடியது.

ஏப்ரல்: வெட்டுக்கு வந்ததும்

உள்பாவாடை தைத்து முடித்தாயிற்று. ஏப்ரலில் ஜாக்கெட் வெட்டு தொடங்கியது. இரண்டே வாரத்தில், தொடர்ந்து வந்துகொண்டிருந்த 18 பேர் ஒன்பதாகச் சுருங்கினார்கள்.

சொன்ன காரணங்கள் வெயில், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, மாரியம்மன் பண்டிகை. எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நின்ற ஒன்பது பேரும் நின்றது ஒரே பாடத்தில். அதனால் மே மாதம் வகுப்புக்கு விடுமுறை விட்டபோது, ஆசிரியையும் குழுவிலிருந்து இருவரும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. வெட்டில் எந்த இடம் வரைக்கும் புரிந்தது என்று மட்டும் கேட்டார்கள். கையில் ஒரு டேப்பும் பழைய செய்தித்தாளும் கொண்டுபோனார்கள்.

முதலில் தெரிந்தது கணக்குப் பயம். வகுப்பில் வரைவைக் கரும்பலகையில் போட்டுச் சொல்லித்தந்தார் ஆசிரியை. மார்புச் சுற்றளவு 35 அங்குலம், துணி நான்காக மடித்திருக்கிறது, ஆகவே நான்கில் ஒரு பங்கு 8¾, அதோடு தளர்வு, அதோடு தையலுக்கு விடும் துணி. ஆம்ஹோலுக்கு (கை பொருத்தும் அக்குள் வளைவுக்கு) ஒரு வகுத்தல், கழுத்து அகலத்துக்கு இன்னொன்று. அதையெல்லாம் ரெக்கார்ட் நோட்டில் எழுதி, சின்ன அளவில் வெட்டி ஒட்ட வேண்டும். ¾ என்று பலகையில் பார்த்ததும் பலருக்கும் உள்ளே ஏதோ மூடிக்கொண்டது. இவர்களுக்குக் கணக்கு வராது என்று சொல்ல முடியாது. அதில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்துகிறார். தள்ளுபடி போக ஆளுக்கு எவ்வளவு என்று காகிதமே இல்லாமல் சொல்லுவார். அவரேதான் ஆசிரியையிடம், "எனக்கு இதெல்லாம் ஏறாதுங்க டீச்சர், படிச்ச பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க" என்றவர்.

டேப்பிலேயே ஒரு குழப்பம் இருந்தது. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். டேப் முறுக்கிக்கொண்டால் எந்தப் பக்கம் படிக்கிறோம் என்று தெரியாது. மார்பு அளவு 91 என்று நோட்டில் எழுதிய ஒருவரைப் பார்த்து வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்கு மறுநாள் முதல் அவர் வரவில்லை. பதிவேட்டில் தேதி அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது கண். நாற்பது தாண்டியவர்களில் நான்கு பேருக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, டேப்பில் சின்னக் கோடுகள் தெரியவில்லை. வெள்ளெழுத்து. தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படிப்பார்கள், கையில் இருக்கும் துணியின் சாக்பீஸ் கோடு தெரியாது. ஜனவரியில் நூல் கோர்ப்பதைப் பக்கத்தில் இருந்த இளவயதுப் பெண்கள் செய்து கொடுத்துவிட்டார்கள். அதனால் அது வெளியே தெரியவே இல்லை. வெட்டில் யாரும் யாருக்காகவும் அளவு படிக்க முடியாது.

இன்னொன்று துணி மேல் இருந்த பயம். கத்தரியை வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. 80 செ.மீ. டூ பை டூ ஜாக்கெட் துணியைக் கெடுத்துவிட்டு வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனை எல்லோரிடமும் இருந்தது. ஒருவர் மூன்று நாள் வரிசையாக அளவு மட்டும் போட்டு, கத்தரியைத் தொடாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்.

சான்றிதழை எதிர்பார்த்து வந்தவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் கேட்டு மனுப்போட, தையல் தெரியும் என்பதற்கான சான்று வேண்டும். எங்கள் வகுப்புக்கு அதைக் கொடுக்கும் தகுதி இல்லை. அது தெரிந்ததும் அவர்கள் நின்றதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஊரில் இருபது வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். மே கடைசியில் அவரை வகுப்புக்கு வந்து வெட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டோம். அவர் தயங்கினார், நியாயமான தயக்கம்தான். ஊரில் இன்னும் பத்துப் பேர் தைக்கத் தொடங்கினால் அவருக்கு என்ன மிஞ்சும்? பேசப் பேச வேறொன்று தெரிந்தது. தீபாவளி சமயத்தில் அவருக்குக் கை போதாது. ஹெம்மிங், ஹூக் வைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது இதற்கெல்லாம் ஆள் கிடைக்காமல் துணியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கைவேலை தெரிந்தவர்களை அவரிடம் அனுப்புவோம், அதற்கு அவர் கூலி தருவார் என்று பேசி முடிந்தது. வாரத்தில் இரண்டு மதியம் வந்தார்.

அவர் வந்த முதல் நாளே கணக்குப் பயம் பாதி போனது. 35 அங்குல மார்புக்கு நான்கில் ஒரு பங்கு வேண்டுமா? டேப்பின் நுனியை 35இல் வைத்து மடி. இன்னொரு முறை மடி. மடிப்பு எங்கே விழுகிறதோ அதுதான் அளவு. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. வகுத்தல் இல்லை, எழுத்தும் இல்லை. தையலுக்கு விட வேண்டியதையும் நூல் கணக்கில்தான் சொன்னார்: "ரெண்டு நூல் விட்டாப் போதும் கண்ணு." இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். தச்சு வேலை நடக்கும் வீட்டில் வளர்ந்த பெண்களுக்கு அது கேட்டுப் பழகிய அளவு.

அடுத்து அளவு ஜாக்கெட். கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் எல்லோரும் நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை உடன் கொடுப்பார்கள். அதை நெடுக்காக மடித்து, மடித்த துணியின் மேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டு, விட வேண்டியதை விட்டு வெட்டுவதுதான் அந்த அக்காவின் முறை. இதற்கு ஆசிரியை சம்மதிக்கவில்லை. அவருடைய வாதம் சரியானது: அளவு ஜாக்கெட்டில் தோள் இறங்கியிருந்தால் புதியதிலும் இறங்கும். துவைத்துச் சுருங்கியதை அப்படியே படியெடுத்தால் இறுக்கமாகப் போகும். பிள்ளை பெற்று உடம்பு மாறியவருக்குப் பழைய ஜாக்கெட் உதவாது. டாட் (உடம்பு வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) எங்கே விழ வேண்டும் என்ற காரணம் தெரியாமலே போகும்.

இந்த வாக்குவாதம் ஒரு வாரம் நடந்தது. என் கணிப்பில் வகுப்புக்கு நடந்த நல்ல காரியங்களில் இது முதன்மையானது. இரண்டு பேரும் அவரவர் இடத்தில் சரி. எதை முதலில் சொல்லித்தருவது என்பதில்தான் சிக்கல். முதல் மூன்று ஜாக்கெட் தன்னுடைய அளவு ஜாக்கெட்டை வைத்து, தனக்கே. நான்காவதிலிருந்து டேப் வைத்து உடம்பில் அளவெடுத்து, ஆசிரியை சொல்லும் வரைவுப்படி என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று ஜாக்கெட் தைத்துப் போட்டுப் பார்த்தவருக்கு அக்குள் ஏன் இழுக்கிறது, முன்கழுத்து ஏன் தூக்குகிறது என்ற கேள்வி தானாக வந்திருக்கும். கேள்வியோடு வருபவருக்குக் கரும்பலகை அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

மற்ற முடிவுகள் சின்னவை. முதல் வெட்டு செய்தித்தாளில், அடுத்தது பழைய சேலையில், அதற்கப்புறம்தான் புதுத் துணி. டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை அழியாத மையால் கோடிழுத்து அடித்துவிட்டார்கள். ரெக்கார்ட் நோட்டு விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பது வகுப்பிலேயே நடக்கும், வீட்டில் மறந்துபோகிறார்கள்.

கண்ணுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பரிசோதனை நடக்கும் நாளில் நான்கு பேரையும் அழைத்துப் போனோம். மூன்று பேர் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கடைசிவரை மறுத்துவிட்டார். "கண்ணாடி போட்டா ஊர்ல கிழவின்னு முடிவே பண்ணிருவாங்க" என்று சொல்லிச் சிரித்தார், ஆனால் அசையவில்லை. அவருக்காக நூல் கோர்க்கும் கம்பி வாங்கினோம். ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளச் சொன்னோம். மெஷின்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திருப்பிப் போடப்பட்டன. டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் இருபது வயதுக்காரருக்கே சிரமம்.

ஜூனில் திரும்பத் தொடங்கியபோது, நின்ற ஒன்பது பேரில் ஐந்து பேர் வந்தார்கள். 91 எழுதியவர் வந்தார். ஏலச்சீட்டு நடத்துபவரும் வந்தார்.

ஆவணியில் ஒரு பட்டுத் துணி

ஜூலை முடிவதற்குள் ஆறு பேர் தங்களுக்கான ஜாக்கெட்டைத் தாங்களே வெட்டித் தைத்திருந்தார்கள். செய்தி பரவியது. ஆவணி முகூர்த்தத்துக்கென்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் பட்டுச் சேலையோடு வந்த ஜாக்கெட் துணியை இவர்களில் ஒருவரிடம் கொடுத்தார். வாங்கியவர் வகுப்பில் சொல்லவில்லை. உற்சாகம்தான் காரணம்.

ஜாக்கெட்டின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டார்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட ஆழமாக இருக்கும். துணியை மடித்து இரண்டு கையையும் சேர்த்து வெட்டினால் இடதும் வலதும் தானாக அமையும். துணி போதாமல் ஒற்றைத் துணியில் தனித்தனியாக வெட்டும்போது, இரண்டாவதைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டும் இடது கை. பருத்தியில் உள்புறத்தை வெளிப்புறமாக்கிச் சமாளித்துவிடலாம். பட்டில் சரிகையின் அடிப்பக்கம் வெளியே தெரியும், அது நடக்காது.

துணி கொடுத்தவர், வெட்டியவரின் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்தச் சேலைக்குப் பொருந்தும் துணி கடையில் கிடைக்காது. வகுப்பில் அன்று யாரும் கத்தரி தொடவில்லை.

வழி சொன்னவர் வீட்டுத் தையல்கார அக்கா. முந்தானைக்கு எதிர்ப்பக்கம், இடுப்பில் உள்ளே செருகும் நுனியிலிருந்து ஒரு முழம் எடுத்தால் யாருக்கும் தெரியாது. மேல்கரையிலிருந்து ஒரு கை, கீழ்க்கரையிலிருந்து ஒரு கை. கொடுத்தவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவருடைய மாமியார் பேசிய பிறகு சரி என்றார். அக்காவே வெட்டினார். தைத்தது கெடுத்தவர்தான், அவரே தைக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஜாக்கெட் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. கூலி வாங்கவில்லை.

அதற்கப்புறம் சில விதிகள் வந்தன. வெளியார் துணி வாங்கினால் வெட்டுவதற்கு முன் வகுப்பில் காட்ட வேண்டும். பத்து ஜாக்கெட் தைக்கும் வரை பட்டு வாங்கக் கூடாது. ஒற்றைத் துணியில் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் முன், பின், இடது, வலது என்று சாக்பீஸால் எழுத வேண்டும். அளவு ஜாக்கெட்டையும் துணியையும் ஒரே பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். கெட்டுப்போன சாதாத் துணிக்கு மாற்றுத் துணி வாங்கிக் கொடுக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கினோம். அந்தப் பணம் இரண்டு முறைதான் எடுக்க வேண்டிவந்தது. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்ததே கத்தரி எடுக்கும் தயக்கத்தைக் குறைத்தது.

தீபாவளி வரை

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. அக்டோபர் தொடக்கத்திலேயே அக்காவின் வீட்டில் துணி குவிந்தது. பேசியபடி ஐந்து பேருக்குக் கைவேலை கொடுத்தார். கண்ணாடி போட்ட மூவரில் இருவர் அதில் இருந்தார்கள். தையல் நெருக்கமாக, உள்ளே மறைவாக விழும் ஹெம்மிங் அவர்கள் கைக்கு நன்றாக வந்தது. அவசரப்படாத கை.

தீபாவளியோடு முதல் வகுப்பு முடிந்தது. அப்போது இருந்த 14 பேரில் எட்டுப் பேர் ஒரு லைனிங் ஜாக்கெட்டை யார் உதவியும் இல்லாமல் வெட்டித் தைக்க முடிந்தவர்கள். நான்கு பேருக்கு வெட்டிக் கொடுத்தால் தைக்க வரும். இரண்டு பேர் கைவேலையோடு நின்றுகொண்டார்கள், அதுவே போதும் என்றார்கள்.

கூலி விஷயம்தான் எதிர்பார்த்தபடி போகவில்லை. எட்டுப் பேருக்கும் வந்த முதல் வாடிக்கையாளர்கள் சொந்தக்காரர்கள். நாத்தனாரிடம் 120 ரூபாய் எப்படிக் கேட்பது? நூலும் ஹூக்கும் கைக்காசில் போட்டு, ஒரு மதியத்தைச் செலவழித்து, "நம்ம புள்ளதானே" என்ற பாராட்டோடு நிறைய ஜாக்கெட் போயிருக்கிறது. சிலர் சுவரில் விலைப் பட்டியல் ஒட்டிப் பார்த்தார்கள், உறவுக்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். ஏலச்சீட்டு நடத்துபவர் மட்டும் வேறு மாதிரி செய்தார். நூல், ஹூக், லைனிங் செலவை முன்கூட்டியே வாங்கிவிடுவார், தையல் கூலியை அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடுவார். கூலி கொடுக்காதவர்களுக்கு அடுத்த முறை நாள் தள்ளிப்போகும். ஊர் அதைப் புரிந்துகொண்டது.

ஒரு வருடம் கழிந்த பிறகு

2024 தீபாவளி சமயத்தில் மறுபடி விசாரித்தோம். எட்டுப் பேரில் ஐந்து பேர் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இருவர் தங்கள் வீட்டுக்கு மட்டும் தைக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அதுவும் வருமானம்தான், வெளியே கொடுக்கும் கூலி மிச்சம். ஒருவர், 24 வயதுப் பெண், கம்பெனிக்குப் போய்விட்டார். மோட்டாரில் ஓடும் பவர் டேபிள் மெஷின் பழக அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. கால் மெஷினில் மெதுவாக ஓட்டிப் பழகியவருக்கு அந்த வேகம் முதலில் ஊசியை விரலுக்குக் கொண்டுவந்துவிடும் என்ற பயம் இருந்ததாம். இப்போது அவர் தைப்பது கழுத்துப் பட்டி மட்டும். ஜாக்கெட் வெட்டத் தெரிந்தது அங்கே எதற்கும் உதவவில்லை என்று நேராகவே சொன்னார். மாதச் சம்பளம் உதவுகிறது.

வீட்டுத் தையல்கார அக்காவுக்கு வேலை குறையவில்லை. சாதா ஜாக்கெட் மற்றவர்களுக்குப் போய்விட்டது. அவர் இப்போது பட்டும், டாட்டுக்குப் பதில் நெடுக்கே மூட்டி வடிவம் கொடுக்கும் பிரின்சஸ் கட்டும், கையில் வேலைப்பாடு வைத்ததும்தான் பெரும்பாலும் எடுக்கிறார்.

பட்டு விவகாரத்தில் மாட்டியவர் தைப்பதை விட்டுவிடவில்லை. ஆனால் இன்றுவரை அந்தத் தெருவில் பட்டு வாங்குவதில்லை.

நின்றவர்களில் நான்கு பேர் திரும்பவே இல்லை. இரண்டு பேருக்குச் சான்றிதழ் காரணம். மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை.

மறுபடி நடத்தும்போது மாற்றுவது

இரண்டாம் வகுப்புக்குப் பெயர் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. முதல் நாளே மூன்று விஷயம் சொல்லப்படும்: இங்கே அரசுச் சான்றிதழ் கிடையாது, வேண்டுபவர்களுக்கு எங்கே கிடைக்கும், என்ன தகுதி என்று சொல்லி விண்ணப்பத்துக்கு உதவுவோம், நாற்பது தாண்டியவர்கள் முதல் வாரத்திலேயே கண் பார்த்துக்கொள்ள வேண்டும். நூல் கோர்த்துக் கொடுக்கும் உதவி இருக்கும், ஆனால் யாருக்கு அது தேவைப்படுகிறது என்று ஆசிரியை குறித்துக்கொள்வார்.

மடித்த டேப்பும் அளவு ஜாக்கெட்டும் ஜூன் வரை காத்திருக்காமல் இரண்டாம் மாதத்திலேயே வரும். டிப்ளமோ ஆசிரியையும் வீட்டுத் தையல்கார அக்காவும் தொடக்கம் முதல் சேர்ந்தே இருப்பார்கள். அக்காவுக்கும் மதிப்பூதியம் உண்டு. முதல் முறை அவருக்குக் கொடுத்தது தேநீரும் நன்றியும்தான். தீபாவளிக்குக் கைவேலை ஆள் கிடைத்ததை அவர் போதுமென்று எடுத்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

பனியன் வேஸ்டுக்குப் பதிலாக ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலிருந்து நெய்த துணியில் துண்டு பீஸ் வாங்கப்படும். கொஞ்சம் கூடுதல் செலவு ஆகும்.

கூலி கேட்பதற்கு ஒரு பாடம் வைக்கலாமா என்பதில் குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை. சிலர், விலைப் பட்டியலை வகுப்பின் பெயரில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டால் சொந்தக்காரர்களிடம் கேட்பது சுலபம் என்கிறார்கள். ஆசிரியைக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏலச்சீட்டு அக்காவை ஒரு மதியம் வந்து பேசச் சொல்வதாக இப்போதைக்கு முடிவு. கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு எந்த நேரம் என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. அந்த நான்கு பேரில் இருவர் மறுபடி கேட்டிருக்கிறார்கள்.